உங்களுக்குத் தெரியுமா? கடைசி ஓவர் கணக்கு

விருத்தாசலத்தில் பொங்கல் நேரத்து டென்னிஸ் பால் டோர்னமென்ட் என்றாலும் சரி, டீக்கடை டி.வி.யில் ஓடும் ஐ.பி.எல். என்றாலும் சரி, ஒரு வாக்குவாதம் தப்பாமல் வரும். “பிரஷர் மேட்ச்னா அவன்தான் நிப்பான்” என்பார் ஒருவர். “யாரு, அவனா? கடைசி ஓவர்னா கை நடுங்கும் அவனுக்கு” என்பார் இன்னொருவர். இப்படி ஒரு தனித்திறமை நிஜமாகவே உண்டா? உண்டென்றால் அதை எண்ணிக் காட்ட முடியுமா? ஐம்பது வருடத்துக்கும் மேலாகக் கணக்கர்கள் மல்லுக்கட்டும் கேள்வி இது. அதிலிருந்து சில துணுக்குகள்.

எட்டுப் பந்து, 29 ரன்

2018 மார்ச் 18. கொழும்பு பிரேமதாசா மைதானத்தில் நிதாஹாஸ் கோப்பை இறுதி ஆட்டம். வங்கதேசத்துக்கு எதிராக இந்தியாவுக்கு 12 பந்தில் 34 ரன் தேவை என்ற நிலையில் தினேஷ் கார்த்திக் உள்ளே வந்தார். ருபெல் ஹொசைன் வீசிய 19-வது ஓவரில் மட்டும் 22 ரன். கடைசிப் பந்தில் 5 ரன் வேண்டும். சௌம்யா சர்க்கார் வீசினார், பந்து எக்ஸ்ட்ரா கவருக்கு மேலே சிக்ஸராகப் பறந்தது. 8 பந்தில் 29 நாட் அவுட். அன்று ஒட்டிய ‘ஃபினிஷர்’ என்ற பட்டம் பிறகு கழன்றதே இல்லை.

அந்த பவுண்டரியை யார் அடித்தது?

அதே கடைசி ஓவரின் நாலாவது பந்தில் பவுண்டரி அடித்தவர் இன்னொரு தமிழக வீரர், விஜய் சங்கர். அந்த நாலு ரன் வந்திராவிட்டால் கார்த்திக்கின் சிக்ஸருக்கு வேலையே இருந்திருக்காது. ஆனால் 18-வது ஓவரில் முஸ்தாபிசுரின் பந்துகளைத் தொட முடியாமல் அவர் தடுமாறியதுதான் எல்லோர் மனதிலும் நின்றது. 19 பந்தில் 17 ரன் எடுத்த அவரை சமூக வலைதளங்கள் வறுத்தெடுத்தன.

பதற்றக்காரர் பந்து வீசினார்

ஒரு வருடம் கழித்து, 2019 மார்ச் 5, நாக்பூர். ஆஸ்திரேலியாவுக்குக் கடைசி ஓவரில் 11 ரன் தேவை. பந்து விஜய் சங்கர் கையில். முதல் பந்திலேயே அரைச்சதம் அடித்து நின்ற ஸ்டாய்னிஸ் எல்.பி.டபிள்யூ. மூன்றாவது பந்தில் ஸாம்பா போல்டு. இந்தியா 8 ரன்னில் ஜெயித்தது. கொழும்பை மட்டும் பார்த்தவருக்கு அவர் பதறுகிற ஆள், நாக்பூரை மட்டும் பார்த்தவருக்கு இரும்பு நெஞ்சுக்காரர். ஆள் ஒருவர்தான்.

ஃபினிஷரும் முடிக்காமல் போவார்

2022 அக்டோபர் 23, மெல்போர்ன். டி20 உலகக் கோப்பையில் பாகிஸ்தானுக்கு எதிரான ஆட்டம். கடைசி ஓவரின் ஐந்தாவது பந்தில் முகமது நவாஸிடம் ஸ்டம்ப்டு ஆகி ஒரே ரன்னில் வெளியேறியவர், கொழும்பில் ஹீரோவான அதே தினேஷ் கார்த்திக்தான். அந்த ஒரு பந்தால் அவருடைய திறமை குறைந்துவிடவில்லை. கொழும்பில் அடித்த ஒரு பந்தால் கூடிவிடவும் இல்லை. கணக்கர்கள் சொல்ல வருவதில் பாதி இதுதான்.

ஸ்கோர்கார்டில் ஏறாத துணிச்சல்

கார்த்திக் அவுட் ஆனதும் அஸ்வின் வந்தார். 1 பந்தில் 2 ரன் வேண்டும். நவாஸ் கால் பக்கம் வீசிய பந்தை அவர் தொடாமல் விட்டார். வைடு, ஸ்கோர் சமம். அடுத்த பந்தை மிட் ஆஃபுக்கு மேலே தட்டிவிட்டு ஆட்டத்தை முடித்தார். தொண்ணூறாயிரம் பேர் கத்துகிற மைதானத்தில், அடிக்காமல் விட்டதுதான் அன்றைய பெரிய முடிவு. ஆனால் வைடு பந்து பேட்ஸ்மேன் சந்தித்த பந்துக் கணக்கில் சேராது. ஸ்கோர்கார்டில் அஸ்வினுக்கு நேரே இருப்பது 1 பந்து, 1 ரன், நாட் அவுட். அவ்வளவே. நெருக்கடியில் எடுக்கிற நல்ல முடிவுகள் பல எண்ணாகவே மாறுவதில்லை.

சூரத்தும் டெல்லியும்

2019 டிசம்பர் 1, சூரத். சையத் முஷ்டாக் அலி கோப்பை இறுதியில் கர்நாடகத்திடம் தமிழ்நாடு ஒரே ஒரு ரன்னில் தோற்றது. 2021 நவம்பர் 22, டெல்லி. அதே கோப்பை, அதே இறுதி ஆட்டம், அதே கர்நாடகம். கடைசிப் பந்தில் 5 ரன் தேவைப்பட, ஷாருக் கான் சிக்ஸர் அடித்துக் கோப்பையைத் தமிழ்நாட்டுக்கு வாங்கித் தந்தார். 15 பந்தில் 33 நாட் அவுட். ‘ஃபைனல்னாலே தமிழ்நாடு சொதப்பும்’ என்ற வாதம் இரண்டே வருடத்தில் காலாவதி.

32 பேரில் ஒருவர் ஹீரோ ஆகியே தீருவார்

ஒரே அளவு திறமையுள்ள 32 ஆட்டக்காரர்களை எடுத்துக்கொள்ளுங்கள். கடைசி ஓவரில் ஜெயிப்பதற்கு எல்லோருக்குமே சரிபாதி வாய்ப்பு. ஒவ்வொருவருக்கும் ஐந்து முறை அப்படி ஒரு நிலைமை வருகிறது. சராசரியாகப் பார்த்தால், அதில் ஒருவர் ஐந்திலும் ஜெயித்திருப்பார், ஒருவர் ஐந்திலும் தோற்றிருப்பார். முன்னவருக்குக் கட்-அவுட், பின்னவருக்குக் கேலி. இருவருக்கும் திறமையில் இம்மியும் வித்தியாசம் இல்லை.

ஒரு துண்டை உடைத்து முடிவு செய்வதில்லை

விருத்தாசலத்துப் பீங்கான் தொழிற்பேட்டை பக்கம் இருப்பவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். இரும்புக் கம்பிக்கு ‘இவ்வளவு எடை தாங்கும்’ என்று ஏறக்குறைய ஒரே எண்ணைச் சொல்லிவிடலாம். பீங்கானுக்கு முடியாது. ஒரே மண், ஒரே சூளை, ஒரே சூடு. இருந்தும் ஒரு துண்டு சீக்கிரம் உடையும், பக்கத்துத் துண்டு வெகுநேரம் தாங்கும். உள்ளே கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும் நுண்ணிய விரிசல்தான் காரணம். இதற்குக் கணக்கு வகுத்தவர் சுவீடன் பொறியாளர் வலோடி வைபுல், 1939-ல். அவர் வழியில் சோதிப்பவர்கள் முப்பது துண்டு வரை உடைத்துப் பார்த்த பிறகுதான் பீங்கானின் தரத்தைச் சொல்கிறார்கள். ஆட்டக்காரரை மட்டும் ஒரே ஓவரில் எடை போட்டுவிடுகிறோம்.

எத்தனை முறை பார்த்தால் போதும்?

நெருக்கடியில் பொதுவாக ஜெயிப்பது 50 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் மட்டும் 60 சதவீதம் ஜெயிக்கிறார். இந்த வித்தியாசம் அதிர்ஷ்டத்தால் வந்ததல்ல என்று ஓரளவு உறுதியாகச் சொல்ல, சுமார் 200 நெருக்கடிகள் வேண்டும் என்கிறது புள்ளியியல். தினேஷ் கார்த்திக் இந்தியாவுக்காக ஆடிய டி20 ஆட்டங்களே மொத்தம் 60. ஒருவர் தன் வாழ்நாளில் கடைசிப் பந்தைச் சந்திப்பது விரல்விட்டு எண்ணுகிற அளவுதான்.

ஒரே ஓவரில் உலகக் கோப்பை

2007 செப்டம்பர் 24, ஜோகன்னஸ்பர்க். முதல் டி20 உலகக் கோப்பை இறுதியில் பாகிஸ்தானுக்குக் கடைசி ஓவரில் 13 ரன் தேவை. மிஸ்பா அடித்த ஸ்கூப்பை ஸ்ரீசாந்த் பிடிக்க, இந்தியா 5 ரன்னில் ஜெயித்தது. பந்து வீசிய ஜோகிந்தர் சர்மாவுக்கு அதுதான் கடைசி சர்வதேச ஆட்டம். உலகத்திலேயே பெரிய நெருக்கடி ஓவர் ஒன்றை வீசியவரை, அந்த ஒரு ஓவரை நம்பித் தேர்வுக்குழு மறுபடி அழைக்கவில்லை.

தோனியின் 102.71

இந்தியா வெற்றிகரமாக விரட்டிய ஒருநாள் ஆட்டங்களில் தோனியின் சராசரி 102.71. 75 இன்னிங்ஸில் 2,876 ரன், 47 முறை நாட் அவுட். அவருடைய மொத்த ஒருநாள் சராசரியோ 50.57. அப்படியானால் நெருக்கடியில் இரண்டு மடங்கு ஆடுவாரா? கொஞ்சம் பொறுங்கள். ‘வெற்றிகரமாக விரட்டிய ஆட்டம்’ என்று பொறுக்கும்போதே, அவர் அவுட் ஆகித் தோற்ற ஆட்டங்கள் கழிந்துவிடுகின்றன. ஜெயித்த ஆட்டங்களை மட்டும் சலித்தெடுத்தால் எந்த நல்ல பேட்ஸ்மேனின் சராசரியும் ஏறும். அதோடு, ரன்னை அவுட் ஆன எண்ணிக்கையால் வகுப்பதுதான் சராசரி. 47 நாட் அவுட் என்றால் வகுப்பது 28-ஆல் மட்டுமே. தோனி பெரிய ஃபினிஷர்தான். ஆனால் அதற்குச் சாட்சி இந்த எண் அல்ல.

முதல் கணக்கு பேஸ்பாலில்

நெருக்கடியை எடை போடும் முதல் பெரிய முயற்சி அமெரிக்காவில் நடந்தது. எல்டன் மில்ஸ், ஹார்லன் மில்ஸ் என்ற சகோதரர்கள் 1969 பேஸ்பால் பருவத்தின் ஆட்டங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றினார்கள். ஒவ்வொரு அடிக்கும் முன்பு அணி ஜெயிக்கும் வாய்ப்பு எவ்வளவு, அடித்த பிறகு எவ்வளவு? வித்தியாசம் அந்த ஆட்டக்காரரின் கணக்கில் வரவு. இன்று டி.வி. திரையின் ஓரத்தில் தெரியும் ‘வெற்றி வாய்ப்பு’ சதவீதமும் இதே யோசனையில் பிறந்ததுதான்.

இந்த வருட வீரர் அடுத்த வருடம் எங்கே?

1977-ல் டிக் கிரேமர் என்பவர் அந்தச் சகோதரர்களின் 1969, 1970 கணக்குகளை எடுத்து எளிமையான ஒரு கேள்வி கேட்டார். நெருக்கடியில் ஆடுவது உண்மையான திறமை என்றால், முதல் வருடம் அதில் மின்னியவர்கள் இரண்டாம் வருடமும் மின்ன வேண்டாமா? மின்னவில்லை. முதல் வருடப் பட்டியலுக்கும் இரண்டாம் வருடப் பட்டியலுக்கும் சொல்லிக்கொள்ளும்படி ஒட்டுறவே இல்லை. ‘நெருக்கடி வீரர் என்ற இனமே கிடையாது’ என்ற கட்சி அன்று பிறந்தது.

மூடுபனிக்குள் காவல்காரர்

அந்தக் கட்சியில் பல வருடம் இருந்தவர், பேஸ்பால் புள்ளிவிவரத்தின் பிதாமகர் பில் ஜேம்ஸ். பிறகு அவரே ஒரு கட்டுரையில் மாற்றிச் சொன்னார். பனி மூட்டத்தில் காவல்காரர் கண்ணுக்கு ஆள் தெரியவில்லை என்றால் ஆளே இல்லை என்று ஆகிவிடாது. பனியின் அடர்த்தியை நாம் குறைத்து மதிப்பிட்டிருக்கலாம். தேடியது கிடைக்கவில்லை என்பதும், அது இல்லவே இல்லை என்பதும் வேறு வேறு. பின்னால் வந்த பெரிய ஆய்வுகள் இரண்டுக்கும் நடுவில் நின்றன: அப்படி ஒரு திறமை இருக்கிறது, ஆனால் ஆளைத் தேர்ந்தெடுக்க உதவாத அளவுக்குச் சிறியது.

அதிகம் அடித்தார்கள், திறம்பட அல்ல

அமெரிக்கக் கூடைப்பந்தில் ‘கடைசி நேரத்து ஹீரோ’ என்று பெயர் வாங்கியவர்களை உளவியலாளர் டான் ஏரியலி அலசினார். கடைசி ஐந்து நிமிடத்தில் அவர்கள் எடுத்த புள்ளிகள் உண்மையாகவே கூடியிருந்தன. ஆனால் எறிந்ததில் கூடைக்குள் விழுந்த விகிதம் கூடவில்லை. பந்து அவர்கள் கைக்கே போனது, அவர்கள் அதிகமாக எறிந்தார்கள், அதனால் அதிகம் விழுந்தது. பெயர் வந்தது வாய்ப்பால்.

மதுரைப் பக்கம் நடந்த சோதனை

பணம் கூடினால் ஆட்டம் கூடுமா? இதைச் சோதிக்க ஏரியலியும் சகாக்களும் தேர்ந்தெடுத்தது மதுரை வட்டாரக் கிராமங்களை. 87 பேர், நினைவாற்றலும் கைத்திறனும் வேண்டிய ஆறு விளையாட்டுகள். நன்றாக ஆடினால் ஒரு குழுவுக்கு விளையாட்டுக்கு 4 ரூபாய், இன்னொன்றுக்கு 40, மூன்றாவதற்கு 400. ஆறிலும் ஜெயித்தால் 2,400 ரூபாய். அந்த ஊர்க்காரர்களுக்கு அன்று பல மாதச் செலவுக்குக் காணும். முடிவு? 4 ரூபாய்க் குழுவுக்கும் 40 ரூபாய்க் குழுவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. 400 ரூபாய்க் குழுதான் மோசமாக ஆடியது. 2009-ல் இந்த ஆய்வு வெளியானது. நெருக்கடி ஆளைத் தூக்கிவிடுவதைவிட, கீழே தள்ளுவதுதான் கண்ணுக்குச் சுலபமாகத் தெரிகிறது.

குறுக்கே யாரும் இல்லை, ஆனாலும்…

கூடைப்பந்தில் ஃப்ரீ த்ரோ என்பது சுத்தமான சோதனைக்களம். 15 அடி தூரம், குறுக்கே தடுப்பவர் இல்லை, எப்போதும் ஒரே எறி. 2011-ல் வெளியான ஓர் ஆய்வு என்.பி.ஏ. ஆட்டங்களை எண்ணிப் பார்த்தது. மிக நெருக்கமான ஆட்டத்தின் கடைசி விநாடிகளில் வீரர்களின் குறி வழக்கத்தைவிட 5 முதல் 10 சதவீதப் புள்ளி குறைந்தது. உலகத்தின் சிறந்த கைகளும் நடுங்கத்தான் செய்கின்றன.

குறைந்த புள்ளி எடுத்தவர் சாம்பியன்

2019 விம்பிள்டன் இறுதி. ஃபெடரர் எடுத்த புள்ளிகள் 218, ஜோகோவிச் எடுத்தது 204. கோப்பை ஜோகோவிச்சுக்கு. மூன்று டை பிரேக்கும் அவருக்கே விழுந்தன. ஃபெடரருக்குக் கிடைத்த இரண்டு சாம்பியன்ஷிப் புள்ளிகளையும் தடுத்தார். இது வெறும் அதிர்ஷ்டமா? 1992 முதல் 1995 வரை விம்பிள்டனில் ஆடப்பட்ட ஏறக்குறைய 90,000 புள்ளிகளை ஆராய்ந்த கிளாஸனும் மேக்னஸும் ஒன்றைக் கண்டார்கள். முக்கியமான புள்ளிகளில் சர்வ் அடிப்பவரின் கை சற்றே தாழ்கிறது. தரவரிசையில் கீழே இருப்பவர்களிடம் இந்த மாற்றம் கூடுதல், மேலே இருப்பவர்களிடம் குறைவு. உச்சத்தில் இருப்பவர்கள் நெருக்கடியில் உயர்வதில்லை. மற்றவர்கள் அளவுக்குத் தாழாமல் இருக்கிறார்கள்.

2-5 என்று பின்தங்கிய ராமநாதன் கிருஷ்ணன்

1966 டிசம்பர், கல்கத்தா. டேவிஸ் கோப்பையில் பிரேசிலும் இந்தியாவும் 2-2. கடைசி ஆட்டத்தில் தாமஸ் கோச்சுக்கு எதிராக ராமநாதன் கிருஷ்ணன் இரண்டு செட்டுக்கு ஒன்று என்று பின்தங்கி, நாலாவது செட்டிலும் 2-5. அங்கிருந்து 7-5, 6-2 என்று திருப்பி ஆடி, இந்தியாவை முதன்முறையாக டேவிஸ் கோப்பை இறுதிக்குக் கொண்டுபோனார். கிருஷ்ணன் அதற்கு முன்பே இரண்டு முறை விம்பிள்டன் அரையிறுதி ஆடியவர் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் கதை முழுமையாகும்.

முதலில் உதைப்பவருக்கே வெற்றியா?

கால்பந்து பெனால்டி ஷூட் அவுட்டில் முதலில் உதைக்கும் அணி 60.5 சதவீதம் ஜெயிக்கிறது என்று 2010-ல் ஓர் ஆய்வு சொன்னது. இரண்டாவதாக உதைப்பவர் மீது விழும் பிரஷர்தான் காரணம் என்றார்கள். அந்த ஆய்வில் இருந்தவை 129 ஷூட் அவுட். 2012-ல் வேறொரு குழு 540 ஷூட் அவுட்டை எண்ணியதும் அது 53.3 சதவீதமாகச் சுருங்கியது. தற்செயலாகவே வரக்கூடிய வித்தியாசம் அது. ஆட்டங்களின் எண்ணிக்கை கூடக் கூட அதிசயங்கள் இளைக்கும்.

நெருக்கடியைச் சட்டமாக்கிய விளையாட்டு

எது நெருக்கடி என்பதிலேயே கிரிக்கெட்டில் சண்டை வரும். புரோ கபடியில் வராது. ஓர் அணி தொடர்ந்து இரண்டு ரெய்டில் புள்ளி எடுக்காமல் திரும்பினால், மூன்றாவது ‘டூ ஆர் டை’ ரெய்டு. புள்ளியோடு வர வேண்டும், இல்லையென்றால் ரெய்டர் வெளியே. ஆகவே அதை ஆட்டத்துக்கு ஆட்டம் தனியாக எண்ணலாம். இங்கேயும் ஒரு கண்ணி உண்டு. சில அணிகள் நட்சத்திர ரெய்டரைப் பத்திரமாக வைத்துக்கொண்டு இந்த ரெய்டுக்கு வேறொருவரை அனுப்பும். ஆகவே எண்ணிக்கையோடு, யாரை அனுப்பினார்கள், எதிரில் எத்தனை பேர் நின்றார்கள் என்பதையும் பார்க்க வேண்டும்.

சதுரங்கத்தில் ஒளிய இடமில்லை

2024 டிசம்பர் 12, சிங்கப்பூர். உலக சாம்பியன் போட்டியின் 14-வது, கடைசி ஆட்டம். குகேஷும் டிங் லிரெனும் 6.5-6.5. ஆட்டம் டிராவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தபோது, 55-வது நகர்த்தலில் டிங் யானையைத் தவறான கட்டத்துக்கு நகர்த்தினார். 18 வயது குகேஷ் உலக சாம்பியன். எந்த நகர்த்தல் சரி, எது எவ்வளவு தப்பு என்று கம்ப்யூட்டர் ஒவ்வொன்றுக்கும் மதிப்பு போடுவதால், நெருக்கடியில் ஒருவர் எப்படி ஆடினார் என்பதை மற்ற விளையாட்டுகளைவிடச் சதுரங்கத்தில் நுணுக்கமாக அளக்கலாம். அன்றும் ஆட்டத்தைத் தீர்மானித்தது அற்புதமான நகர்த்தல் அல்ல, களைத்தவரின் ஒரு பிழை. அந்தப் பிழைக்குப் பின்னால் இருந்தது, டிராவாக விடாமல் அதுவரை அழுத்திக்கொண்டே இருந்த குகேஷின் பிடிவாதம்.

சென்னையில் பிறந்த ‘ஸ்மார்ட்’ ரன்

எட்டுக்கு மூன்று என்று விழுந்து கிடக்கும்போது எடுத்த 30-ம், முந்நூறுக்கு ஒன்று என்று இருக்கும்போது எடுத்த 30-ம் ஒன்றா? 2019-ல் இ.எஸ்.பி.என். கிரிக்இன்ஃபோ, சென்னை ஐ.ஐ.டி.யோடும் அதைச் சார்ந்து வளர்ந்த கியான் டேட்டா நிறுவனத்தோடும் சேர்ந்து ‘சூப்பர் ஸ்டாட்ஸ்’ என்ற கணக்கைக் கொண்டுவந்தது. அந்த நேரத்து நெருக்கடிக்கு ஏற்ப ரன்னையும் விக்கெட்டையும் கூட்டிக் குறைத்து மதிப்பிடுவது அதன் வேலை. அப்படி மதிப்பிட்ட ரன்தான் ‘ஸ்மார்ட்’ ரன். ‘அன்று என்ன நடந்தது’ என்பதை இது அழகாகச் சொல்லும். ‘அடுத்த முறையும் இவர் சாதிப்பாரா’ என்பது வேறு கேள்வி.

30 பந்தில் 30 ரன்

2024 ஜூன் 29, பார்படோஸ். டி20 உலகக் கோப்பை இறுதியில் தென்னாப்பிரிக்காவுக்கு 30 பந்தில் 30 ரன் போதும், கையில் ஆறு விக்கெட். அங்கிருந்து இந்தியா 7 ரன்னில் ஜெயித்தது. பும்ராவின் 16-வது ஓவரில் 4 ரன், 18-வது ஓவரில் 2 ரன், ஒரு விக்கெட். அவர் அன்று புதிதாக ஏதோ செய்துவிடவில்லை. அந்தத் தொடர் முழுக்க வீசியதைத்தான் அன்றும் வீசினார்.

ஆக, அளக்க முடியுமா?

நெருக்கடி எவ்வளவு பெரிது என்பதை அளக்கலாம். அதில் யார் என்ன செய்தார் என்பதையும் அளக்கலாம். ‘இவர் பிறவியிலேயே நெருக்கடி வீரர்’ என்ற பட்டத்தை மட்டும் எண்களால் உறுதிப்படுத்த முடியவில்லை. அதற்குத் தேவையான அளவு கடைசி ஓவர்கள் யாருக்கும் வாய்ப்பதில்லை. கைவசம் உள்ள கணக்கு சொல்வது இவ்வளவுதான்: சாதாரண நாளில் நன்றாக ஆடுகிறவரே நெருக்கடி நாளிலும் நம்பத் தகுந்தவர்.

ஆகவே உங்கள் ஊர் டீமில் கடைசி ஓவரை யாருக்குத் தருவது என்று குழப்பம் வந்தால், போன வருட ஃபைனலில் யார் சிக்ஸர் அடித்தார் என்று யோசிக்காதீர்கள். ஸ்கோர் நோட்டை எடுத்து, இந்த சீசன் முழுக்க யார் ஒழுங்காக ஆடியிருக்கிறார் என்று பாருங்கள். நோட்டே போடவில்லையா? அடுத்த ஆட்டத்திலிருந்து போட ஆரம்பியுங்கள்.